கழுகு வராத குன்று, நாரை வரும் ஏரி

காடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் மேற்கே போகிறார்கள். வால்பாறை, குற்றாலம், இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் அகும்பே. கடலோரத்திலேயே ஒரு காடு இருக்க வேண்டும், ஒரு காதில் அலைச் சத்தமும் இன்னொரு காதில் பறவைச் சத்தமும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதற்குக் கோஸ்டாரிகா வரை விமானம் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் கிழக்குக் கடற்கரைக்கும் சொந்தமாக ஒரு காடு உண்டு. மழைக்காடு என்று அதைச் சொல்ல முடியாது. மழைக்காட்டுக்கு ஆண்டின் பெரும்பகுதி மழை வேண்டும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் ஒதுங்கிக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று மாதத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் மொத்தமாக இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும் காடு இது. தாவரவியல்காரர்கள் 'உலர் பசுமைமாறாக் காடு' என்பார்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டியும், கடல் தாண்டி இலங்கையின் வடக்கிலும் இருக்கிறது.

மரங்கள் அப்படியொன்றும் அண்ணாந்து பார்க்கிற உயரம் இல்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, பளபளப்பானவை. பெயர்களைக் கேட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே நாக்கு ஊறும். பாலை, நாவல், களா, சூரை, காரை. பள்ளிக்கூட வாசலில் கூறு போட்டு விற்ற பாலப்பழமும், ஊறுகாய்க்கு வாங்கிய களாக்காயும் இந்தக் காட்டுச் சரக்குதான். காட்டைப் பார்க்காமலே அதன் பழத்தைத் தின்று வளர்ந்திருக்கிறோம்.

இப்போது இந்தக் காடு துண்டு துண்டாகத்தான் மிச்சம். விறகு, வயல், மனை என்று போனது போக, ஐயனார் கோயில்களைச் சுற்றியும், சில காப்புக் காடுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தேசியப் பூங்கா' என்ற பெயர்ப்பலகையோடு வேண்டும் என்றால் சென்னைக்குள்ளேயே கிண்டி இருக்கிறது. ஒரு காலத்தில் கவர்னர் மாளிகைத் தோட்டம். 1978-ல் தேசியப் பூங்காவானது. மூன்று சதுர கிலோமீட்டர் கூட இல்லாத இடத்தில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. ஆனால், நாம் நினைத்தபடி உள்ளே புகுந்து நடக்க முடியாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தப் பலகையும் இல்லை. இருப்பது ஏரி, குன்று, கடற்கரை. மூன்றுக்கும் கதவு கிடையாது, மூன்றிலும் ஊர் இருக்கிறது. காட்டு உயிர்கள் இங்கே ஊரோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தித்தான் வாழ்கின்றன. சில இடங்களில் பேச்சு நிலைத்திருக்கிறது, ஓரிடத்தில் முறிந்துவிட்டது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதுதான் இந்தப் பக்கத்தின் விசேஷம். இரண்டு நாள் போதும்.

வேடந்தாங்கல் வாங்கிய பட்டயம்

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்தால், செங்கல்பட்டு நிலையத்துக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரி ஜன்னலை ஒட்டியே வரும். மொபைலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். தண்ணீர் இருக்கும் வருடங்களில் கூழைக்கடாக்களை அங்கேயே பார்த்துவிடலாம். காரில் வருகிறவர்கள் ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்ரோடில் திரும்ப வேண்டும்.

வேடந்தாங்கல் ஏரி மொத்தமே சுமார் 30 ஹெக்டேர்தான். முதல் தடவை வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். கரையில் ஏறி நின்றதும் அந்தக் கேள்வி போய்விடும். தண்ணீருக்குள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல் தளத்தில் வண்ண நாரை, கூழைக்கடா. கொஞ்சம் கீழே கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை. உள்ளே இருட்டான கிளைகளில் வக்கா. இறக்கையை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருப்பது நீர்க்காகமோ பாம்புத்தாராவோ. கழுத்து பாம்பு போல நீண்டு வளைந்தால் அது பாம்புத்தாரா.

கூடு ஏன் தண்ணீருக்கு நடுவே? கீரி, காட்டுப்பூனை, மரமேறும் பாம்பு எதுவும் எளிதில் வர முடியாது. அதனால்தான் மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடத்தில் பறவைகள் இந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன், அந்த வருடம் மழை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம். நடுப்பகல் வெயிலில் வண்ண நாரை, கூட்டின் மேல் நின்று இறக்கையைக் குடை போல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். கூழைக்கடாக் குஞ்சு அம்மாவின் தாடைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். காலை 6 மணிக்கு வந்துவிட்டால் பறவைகள் மேயக் கிளம்புவதையும், மாலை 4 மணிக்கு மேல் அணி அணியாகத் திரும்புவதையும் பார்க்கலாம். நடுப்பகலில் வந்து "தூங்குதுப்பா எல்லாம்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் குடை பிடிக்கும் நாரையைக் காட்டத்தான் ஆள் இல்லை.

இந்த ஏரியின் நிஜக் கதை கரைக்கு வெளியே, வயலில் இருக்கிறது. பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரத் தண்ணீர் ஆகிவிடுகிறது. அது மதகு வழியாக நெல்வயலுக்குப் பாய்கிறது. நத்தைகுத்தி நாரையோ வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கித் தின்கிறது. உரத்துக்கும் காசு இல்லை, நத்தை பொறுக்கவும் கூலி இல்லை. இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராத காலத்திலேயே ஊர்க்காரர்கள் போட்டுவிட்டார்கள்.

அதனால்தான் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டில் இருந்த கலெக்டரிடம் போய் முறையிட்டது. அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798-ல் அவர், இந்த ஏரிப் பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கு உண்டு என்று பட்டயம் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது 1872-ல் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த இரண்டு ஆண்டுகளையும் மறுபடி ஒருமுறை படியுங்கள்.

லயனல் பிளேஸ் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பக்கத்து மதுராந்தகத்தில், உடைய இருந்த ஏரிக்கரையில் வில்லோடு நின்ற ராம லட்சுமணர்களை ஒரு வெள்ளைக்கார துரை பார்த்தார் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஏரிகாத்த ராமர் கதையின் துரையும் இவரேதான். இரண்டு ஏரிகளின் கதையிலும் ஒரே கலெக்டர். மதுராந்தகத்துக்குப் போய் ராமரையும் சேவித்துவிட்டு வரலாம்.

ஊர் இன்றைக்கும் தன் பங்கைக் காப்பாற்றுகிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் இது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

நாரை ஏரிக்குள்ளேயே உட்கார்ந்து பிழைப்பதில்லை. சுற்றுவட்டார ஏரி, குளம், வயல் எல்லாம் அதன் சமையலறை. எனவே ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம்தான். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு யோசனை வந்தபோது, பறவை ஆர்வலர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்தில் இருக்கும் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கரிக்கிலியில் கூட்டம் இருக்காது. ஊசிவால் வாத்து போன்ற குளிர்கால விருந்தாளிகளை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

565 படிகள், ஒரு வெற்றுப் பாறை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். தூரத்திலேயே குன்று தெரியும். உச்சியில் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர். பெயரிலேயே கழுகு இருக்கும் ஊர். பட்சிதீர்த்தம் என்றும் சொல்வார்கள்.

565 படிகள். காலையில் வெயில் ஏறுமுன் போவது நல்லது. செருப்பில்லாமல் ஏற வேண்டும், பத்து மணிக்கு மேல் கல் சுடும். நின்று நின்று ஏறினால் பெரியவர்களும் ஏறிவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே சங்கு தீர்த்தக் குளம் சிறிதாகிக்கொண்டே வரும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் குளம் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது. படியின் இருபுறமும் பாறையும் புதருமாக இருக்கும் சரிவைக் கவனியுங்கள். முதலில் சொன்ன கடலோரக் காட்டின் ஏழை உறவினர்கள் அவை. குரங்குகளிடம் மட்டும் எச்சரிக்கை. தேங்காய் மூடி, பிஸ்கட் பாக்கெட், கண்ணாடி என்று அவற்றுக்குப் பாகுபாடு கிடையாது.

இந்த மலைக்கு ஒரு நண்பகல் விருந்து இருந்தது. அர்ச்சகர் சர்க்கரையும் நெய்யும் கலந்த அன்னத்தோடு பாறையில் வந்து உட்காருவார். வானத்தில் எங்கிருந்தோ இரண்டு வெள்ளைக் கழுகுகள் இறங்கும். அவர் கையருகே வந்து சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். காலையில் காசியில் நீராடி, நண்பகலில் இங்கே உண்டு போகும் முனிவர்கள் அவர்கள் என்பது ஐதீகம். சிவனிடம் சாபம் பெற்ற எட்டு முனிவர்களில், யுகத்துக்கு இரண்டு பேராக வந்து போகிறார்களாம். என்றைக்காவது பறவைகள் வராவிட்டால், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்று சொல்வார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். பள்ளிச் சுற்றுலாவில் வந்து, இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக் காத்திருந்த அனுபவம் பலருக்கு இருக்கும்.

அந்தப் பறவையின் பெயர் மஞ்சள்முகப் பாறு. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிற இனம். மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பு, இறக்கை ஓரத்தில் கறுப்பு. ஒரு பறவையின் ஆயுள் சில பத்தாண்டுகள்தான். எனவே தலைமுறை தலைமுறையாக ஒரு ஜோடி போனதும் அடுத்த ஜோடி இந்தப் பாறையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அர்ச்சகர் குடும்பம் மாறி மாறி ஊட்ட, பறவைக் குடும்பமும் மாறி மாறி வந்திருக்கிறது.

1990-களின் கடைசியோடு அது நின்றுவிட்டது. அதே ஆண்டுகளில் இந்தியா முழுக்கப் பாறு இனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. காரணம் 2004-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்து, அதைத் தின்ற பாறுவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோனது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுக்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

யாரும் இந்தக் குன்றுக்கு வந்து பாறுவைச் சுடவில்லை, விரட்டவில்லை, சோறு போடுவதையும் நிறுத்தவில்லை. தன் மாட்டுக்கு வலி குறையட்டும் என்று இரக்கப்பட்ட விவசாயியின் கையால்தான் அந்த இனம் சரிந்தது. வேடந்தாங்கலில் எதிரி துப்பாக்கியோடு வந்தான். கலெக்டரிடம் போய்ச் சொல்ல முடிந்தது. இங்கே யாரைக் காட்டி யாரிடம் முறையிடுவது?

மலையிறங்கும்போது குன்றைக் குடைந்து செய்த ஒருகல் மண்டபத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். பல்லவர் காலக் குடைவரை. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலாத் தலத்தில் பெயர் எழுதும் வியாதி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

கல்லில் மான், மணலில் ஆமை

இரவு மாமல்லபுரத்தில் தங்கலாம். காலையில் அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கும்போது, ஒருமுறை சாமிகளையும் முனிவர்களையும் விட்டுவிட்டு விலங்குகளை மட்டும் பாருங்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே குட்டிகள். ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனை, அதை நம்பி அருகில் வந்த எலிகள். இந்த மானைச் செதுக்கியவர் மானை மணிக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். குழந்தைகளை ஒவ்வொரு விலங்காகக் கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

நடக்க விருப்பம் இருப்பவர்களுக்கு, இங்கிருந்து வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகை வரை கடற்கரையோடு போகலாம். ஐந்து கிலோமீட்டருக்குள்தான். விடிகாலையில் கிளம்பினால் வலை இழுப்பதையும் பார்க்கலாம். அலை இங்கே மோசமானது. பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம்.

தையிலிருந்து பங்குனி வரை இந்த மணலுக்கு இரவில் ஒரு விருந்தாளி வரும். மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். நூறு முட்டை போல இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சமாக இருக்கும் திசையைக் கடல் என்று நம்பி ஓடும். ஈசிஆர் ஓர விளக்குகள் அதிகமானபின் அந்த நம்பிக்கை அவற்றை ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் தாய் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு அவ்வப்போது மேலே வந்து மூச்சுவிட வேண்டும். இழுவலையில் சிக்கினால் அது முடியாது. ராத்திரி கடற்கரையில் ஆமையைப் பார்க்க நேர்ந்தால் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், பின்னால் தள்ளி நில்லுங்கள்.

சென்னை திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களுக்கு, வனவிலங்குச் சட்டம் வந்தபின் பிழைப்பு போயிற்று. 1978-ல் தொடங்கிய இந்தச் சங்கம் அதே கையை வேறு வேலைக்குத் திருப்பியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்து போவது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு தொல்லை தாங்காமல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கூப்பிட்டபோது, போய்ப் பிடித்துக் காட்டியவர்கள் இவர்கள்.

முதலில் சொன்ன கடலோரக் காட்டை உள்ளே நின்று பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், சென்னைக்குத் திரும்பாமல் தெற்கே போக வேண்டும். ஈசிஆரில் புதுச்சேரிக்குச் சற்று முன்னால், விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியிருக்கும் காடு, ஐயனார் காடு என்ற ஒரே காரணத்தால் தப்பித்தது. தார்ச்சாலையின் வெயிலிலிருந்து பத்தடி உள்ளே போனால் கண்ணுக்கு இருட்டும் தோலுக்குக் குளுமையும் ஒரே சமயத்தில் தெரியும். தலைக்கு மேல் பாலையும் வீரையும், அவற்றைப் பின்னிக்கொண்டு தொடைத் தடிமனில் கொடிகள். கொண்டுபோகும் பொங்கல் பாத்திரத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஆரோவில். 1968-ல் அது தொடங்கியபோது மழைத்தண்ணீர் அரித்துப்போன செம்மண் பொட்டல். வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, இதே கடலோரக் காட்டு மரங்களின் விதைகளைத் தேடிச் சேகரித்து, நாற்று வளர்த்து நட்டார்கள். இன்று அங்கே நிழலில் நடக்கலாம்.